கடனிலே அவள் பெயர். காணியிலே யார் பெயர்?

(வன்னிக் கிராமமொன்றில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்திலே சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை. கேட்டோர் பலர் வேண்டிக்கொண்டமைக்கிணங்க இங்கு வெளியிடுகின்றோம்.)



பெருந்தொற்றினாலே நிலைகுலைந்த பெண்களின் வாழ்வை நிமிர்த்துவதற்கு அரசாங்கம் என்ன செய்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கின்றீர்கள். புள்ளிவிபரங்களோடு தொடங்க நான் விரும்பவில்லை. ஒரு வழக்கோடு தொடங்குகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். அவருடைய பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். சந்தையிலே மரக்கறி விற்று மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர். கணவர் 2009 ஆம் ஆண்டிலே காணாமற்போனவர். இறந்துவிட்டார் என்று சொல்ல இவருக்கு மனம் ஒப்பவில்லை. இருக்கின்றார் என்று சொல்லச் சான்றில்லை. 2020 மார்ச் மாதம் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. சந்தை பூட்டப்பட்டது. வாங்கிய மரக்கறி அழுகியது. கையிலிருந்த முதல் அடுப்பிலே எரிந்தது. சந்தை மீண்டும் திறந்தபோது முதலுக்காகக் கிழமைக் கடன் ஒன்று எடுத்தார். அந்தக் கடனைக் கட்ட இன்னொன்று. அதைக் கட்ட மற்றொன்று. என்னிடம் வந்தபோது அவர் தலையிலே நான்கு கடன்கள் இருந்தன.

அவரிடம் ஆறு பரப்புச் சீதனக் காணி இருந்தது. உறுதி அவர் பெயரிலே. அதை வங்கியிலே ஈடு வைத்தால் குறைந்த வட்டிக்குப் பணம் பெற்று நான்கு கடன்களையும் ஒரே நாளிலே தீர்த்துவிடலாம். வங்கிக்குப் போனார். “கணவரின் எழுத்துச் சம்மதம் எங்கே?” என்று கேட்டார்கள். அன்று அவர் என் மேசைக்கு முன்னாலிருந்து கேட்ட கேள்வி இன்னும் என் காதிலே நிற்கின்றது.

“ஐயா, கடன்பட என் கையெழுத்துப் போதும் என்கிறார்கள். என் காணியை ஈடு வைக்க மட்டும் அது போதாதா?”

இன்று நான் பேசப்போவதெல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே.

உதவி கரைந்தது, உரிமை நின்றது

கொள்ளைநோயின் பின் சட்டஞ் செய்வது இத்தீவுக்குப் புதிதன்று. 1934, 1935 ஆம் ஆண்டுகளிலே மலேரியா பரவிச் சில மாதங்களுள் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. அப்போதும் அரிசி கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், நிவாரண வேலை கொடுத்தார்கள். அவையெல்லாம் அந்தந்த நாளோடு முடிந்தன. ஆனால், அதற்குச் சில ஆண்டுகளின் பின், 1939 ஆம் ஆண்டிலே, இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று வறியோர் உதவிச் சட்டம். மற்றையது 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் சட்டம்.

இந்த இரண்டாவது சட்டத்தைச் சற்றுக் கவனியுங்கள். அது பெண்ணை இன்னாரின் மனைவி என்று பார்க்கவில்லை. இரங்கத்தக்கவள் என்றும் பார்க்கவில்லை. தொழிலாளி என்று பார்த்தது. அவள் பெயரிலேயே அவளுக்கு உரிமை கொடுத்தது. ஆகையினாலேதான் எண்பது ஆண்டுகள் கடந்தும் அது நிலைத்து நிற்கின்றது. 2018 ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுப்பு என்று விரிந்தும் இருக்கின்றது. கையிலே கொடுத்த உதவி கரைந்துபோகும். பெயரிலே எழுதிய உரிமை நின்று பேசும். இந்த வேறுபாட்டை மனத்திலே வைத்துக்கொண்டு 2020 ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அரசாங்கம் செய்தது என்ன?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது வழக்கறிஞனுக்கு அழகன்று. 2020 ஆம் ஆண்டு ஏப்பிரலிலே வருமானங் குறைந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுத்தார்கள். அதே ஆண்டு மார்ச்சிலே கடன் அறவீட்டைத் தள்ளிவைக்கும்படி மத்திய வங்கி பணித்தது. 2023 ஆம் ஆண்டு யூலை முதல் அஸ்வெசும என்னும் நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியது. வறுமையின் அளவுக்கேற்ப மாதம் 2,500 ரூபா, 5,000 ரூபா, 8,500 ரூபா, 15,000 ரூபா என நான்கு படிகள் வகுத்தார்கள். 2024 ஆம் ஆண்டிலே பெண்களை வலுவூட்டுவதற்கெனச் சட்டம் ஒன்று நிறைவேறி, தேசிய ஆணைக்குழு ஒன்றுக்கும் வழி வகுத்தது. இவையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியவை.

ஆயினும், இவை வந்த காலம் எத்தகையது? தொற்றின் காயம் ஆறுமுன்னரே, 2021 ஆம் ஆண்டு மே மாதத்திலே இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார்கள். அவ்வாண்டு நவம்பரிலே தடையை விலக்கினார்கள். ஆனால் பசளையின்றிப் போன பயிர் திரும்பி வரவில்லை. 2022 ஆம் ஆண்டு ஏப்பிரலிலே நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலே பணவீக்கம் 70 வீதத்தை அண்மியது. உணவுப் பொருள்களின் விலையேற்றம் 90 வீதத்தையும் தாண்டியது. வைத்தியர் சொல்வார், நோய் ஒன்று, அதன் பின்விளைவு மற்றொன்று என்று. நம் பெண்களை வீழ்த்தியது நோயைக் காட்டிலும் பின்விளைவே. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். 5,000 ரூபா அந்தச் சோளப்பொரியே.

அஸ்வெசும கொடுப்பதற்குக் குடும்பங்களை ஆறு தலைப்புகளிலே அளந்தார்கள்: கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, ஆதனம், வீட்டு நிலை, குடும்ப அமைப்பு. நல்லது. ஆனால் அந்த ஆறு தலைப்புகளிலே “கடன்” என்றொரு தலைப்பு இல்லை. கூரையிலே சீற்று இருக்கின்றதா என்று பார்த்தார்கள்; அந்தச் சீற்றுக்காக அந்தத் தாய் எத்தனை பேருக்குக் கட்டுப்பட்டிருக்கின்றார் என்பதற்குத் தனி இடம் வைக்கவில்லை. இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தமைக்குக் காரணங்கள் பல. அளவுகோல் வாழ்க்கைக்குப் பொருந்தாமை அவற்றுள் ஒன்று.

ஐந்து பெண்களே பிணை

கடன் என்ற சொல்லுக்கு வந்துவிட்டோம். இதிலே சற்று நிற்க வேண்டும்.

யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் வீதிகளைத் திறந்தபோது, பேரூந்தோடு கூடவே நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. அவை ஆண்களைத் தேடி வரவில்லை. பெண்களைத் தேடி வந்தன. காரணம் என்ன? பெண்களின் முன்னேற்றத்திலே வைத்த அன்பா? இல்லை. பெண் ஊரை விட்டு ஓடமாட்டாள், மானத்துக்கு அஞ்சுவாள், பிள்ளையின் சாப்பாட்டைக் குறைத்தாவது தவணையைக் கட்டுவாள். வேறு ஈடு வேண்டியதில்லை, மானமே ஈடு. ஐந்து பெண்களை ஒரு குழுவாக்கி ஒருவருக்கு மற்றவரைப் பிணை வைத்தார்கள். ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நால்வரும் அவள் வாசலிலே போய் நின்றார்கள். கடன்காரன் அயலவளை அறவிடுவோன் ஆக்கிவிட்டான். எங்கள் கிராமங்களிலே கைமாற்றுக் கொடுத்தும் சீட்டுப் பிடித்தும் வாழ்ந்த அயலுறவு இதனாலே முறிந்தது. பணத்தை எழுதிக் கணக்கிடலாம். இந்த முறிவை எந்த ஏட்டிலே எழுதுவது?

2018 ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஒருவர் இத்தீவுக்கு வந்து விசாரித்தார். சில நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை ஏறியிருந்ததை அவர் பதிந்தார். அவ்வாண்டிலேயே வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே, பதிவுபெற்ற நிறுவனங்களிடம் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத, நிலுவையிலிருந்த கடன்களை அரசாங்கம் தீர்த்தது. மத்திய வங்கியும் தன் மேற்பார்வையிலுள்ள நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. ஆனால் மத்திய வங்கியின் கை எட்டாத கடன்காரர் எத்தனையோ பேர். அவர்களுக்கு வரம்புமில்லை, பதிவுமில்லை. 2020 ஆம் ஆண்டிலே தவணையைத் தள்ளிவைக்கும் கட்டளை வந்தபோதும் அது அந்த வாசலைத் தாண்டிச் செல்லவில்லை.

இது தமிழ்ப் பெண்களின் துன்பம் மட்டுமன்று. 2021 ஆம் ஆண்டு மார்ச் 8 ஆம் திகதி, பெண்கள் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே சிங்களக் கிராமத்துப் பெண்கள் இதே கடனுக்கு எதிராகத் தெருவோரத்திலே சத்தியாக்கிரகம் தொடங்கி, வாரக்கணக்காக அங்கேயே இருந்தார்கள். மொழி வேறு, தவணை அட்டை ஒன்றே.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈடு வைத்த ஆதனத்தை ஏலமிடும் அதிகாரம் வங்கிகளுக்கு இருக்கின்றது. தொழிலதிபர்கள் முறையிட்டார்கள், 2024 ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் சட்டமியற்றி அந்த அதிகாரத்தைச் சில காலம் நிறுத்தி வைத்தது. அவர்களுக்கு மூச்சுவிட இடங் கொடுத்ததை நான் குறை கூறவில்லை. ஆனால் பெருங்கடன்பட்டவருக்காகப் பாராளுமன்றம் கூடியது. 50,000 ரூபா கடன்பட்ட பெண்ணுக்காக யார் கூடினார்கள்? நுண்கடனை ஒழுங்குபடுத்த 2023 ஆம் ஆண்டிலே ஒரு சட்டமூலம் வந்தது. அது பெருங்கடன்காரரைப் பிடிக்கும் வலையிலேயே கிராமத்துச் சிறு சேமிப்புச் சங்கங்களையும் பிடித்துவிடும் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்க்க வேண்டியதாயிற்று. முதலையைப் பிடிக்க வலை வீசுவோர், மீன்குஞ்சுகளை வாரிக்கொண்டு போகலாகாது.

1911 ஆம் ஆண்டின் கையெழுத்து

அரசாங்கத்தைக் கேட்டது போதும். இனி எங்களை நாங்களே கேட்போம்.

அந்தத் தாயை வங்கியின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது எந்தச் சட்டம்? அது கொழும்பு எங்கள் மீது சுமத்திய புதுச் சட்டமன்று. எங்கள் வழமை என்று நாங்கள் போற்றும் தேசவழமையோடு பிணைந்த, 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத்து விவாக உரிமைகளும் முதுரிமையும் பற்றிய சட்டம். அதன் 6 ஆம் பிரிவின்படி மணமான பெண்ணின் சீதனமும் முதுசமும் அவளுக்கே சொந்தம். ஆனால் அசைவற்ற ஆதனத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் தன் தனியாதனத்தை விற்க மனைவியின் சம்மதம் வேண்டும் என்று அச்சட்டம் கேட்கவில்லை. சொத்து அவளுடையது, திறப்பு அவனுடையது.

பெரியோர் சிலர் எழுந்து, “தம்பி, அது பெண்ணின் பாதுகாப்புக்காக வைத்த விதி, அது இல்லாவிட்டால் கடன்காரர் அவள் காணியையும் விழுங்கிவிடுவார்கள்” என்று சொல்லக்கூடும். இது அலட்சியஞ் செய்யத்தக்க வாதமன்று. இதற்கு விடை கூற வேண்டும். கிழமைக் கடன்காரன் காணியைக் கேட்கவில்லை. கையெழுத்தையும் மானத்தையுமே கேட்டான். ஆகையால் அந்த விதி அவனைத் தடுக்கவில்லை. அது தடுத்தது யாரை? குறைந்த வட்டிக்குக் கொடுக்கக்கூடிய வங்கியை. வட்டி குறைந்த வாசலைப் பூட்டி, வட்டி கூடிய வாசலைத் திறந்து விடுவதன் பெயர் பாதுகாப்பா? குடியிருக்கும் காணி கடனுக்குப் போகாமற் காக்க வேண்டுமானால், ஆணாயினும் பெண்ணாயினும் குடியிருப்பு நிலத்தை ஏலத்திலிருந்து விலக்கும் விதியொன்றைச் செய்யலாம். அதற்குக் கணவனின் கையெழுத்து எதற்கு?

கணவன் கைவிட்டாலோ, அவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, அந்தச் சம்மதம் இல்லாமலே செயற்பட மாவட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று அதே சட்டம் சொல்கின்றது. அந்த வழியாலேயே நான் அந்தத் தாய்க்காக மனுச் செய்தேன். அனுமதி கிடைத்தது. ஆனால் மனு எழுதி, சத்தியக் கடதாசி முடித்து, தவணைக்குத் தவணை நடந்து, அனுமதி கைக்கு வர மாதங்கள் சென்றன. அதற்கிடையிலே வட்டி நிற்கவில்லை. நீதிமன்றம் தவணை கொடுக்கும், கடன்காரன் கொடுக்கமாட்டான். அனுமதி வந்த நாளிலே அவருடைய காதிலே தோடு இல்லை. அடைவு கடையிலே இருந்தது. பிணை நின்ற நால்வருள் இருவர் அவரோடு பேசுவதில்லை.

2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காணாமற்போனவரின் குடும்பம், மரணச் சான்றிதழ் பெறாமலே, அவர் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். இந்த வழி இருப்பதை அறியாத தாய்மார் எங்கள் கிராமங்களிலே இன்றும் இருக்கின்றார்கள். சட்டம் இருப்பது பாதி. அது தெரிந்திருப்பது மற்றப் பாதி.

வயலும் வரவேடும்

கமக்காரப் பெருமக்களே, உங்கள் பக்கம் திரும்புகின்றேன்.

இந்தப் பகுதியிலே பலருடைய காணி உறுதிக் காணியன்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி. அச்சட்டத்திலே உரித்தாளர் வரிசை ஒன்று இருந்தது. அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காது இறந்தால், மகன் முன்னுக்கு, மகள் பின்னுக்கு; பேரன் முன்னுக்கு, பேர்த்தி பின்னுக்கு. காடு வெட்டும்போது இவ்வாறு முன் பின் பார்த்தோமா? தாயும் மகளும் வேரிழுத்து, கல் பொறுக்கி, வரம்பு கட்டியல்லவா அது வயலாயிற்று? அந்த வரிசையை 2022 ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் திருத்தி, ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. 87 ஆண்டுகள் சென்றன, ஆயினும் நீங்கியது. தொற்றின் பின் வந்தவற்றுள், அதிகம் பேசப்படாத இந்த ஒரு திருத்தத்தை, ஆயிரம் உலருணவுப் பொதிகளைக் காட்டிலும் நான் பெரிதாக மதிக்கின்றேன்.

ஆனால் திருத்தம் வந்ததனாலே ஏற்கெனவே கைமாறிய காணி தானாகத் திரும்பி வராது. அன்றியும், அனுமதிப்பத்திரம் வழமையாக ஒருவர் பெயரிலேயே எழுதப்படுகின்றது. அந்த ஒருவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

காணியிலே பெயர் இல்லாதபோது வேறெங்கும் பெயர் இல்லை. கமநல சேவை நிலையத்து வரவேட்டிலே காணிக்காரர் பெயர். கமக்காரர் அமைப்பிலே அவர் பெயர். பசளைக்கான உதவிப் பணம் போவது அவர் கணக்குக்கு. பயிர் அழிந்தால் இழப்பீடு அவர் கைக்கு. 1987 ஆம் ஆண்டிலே சட்டமாக வந்த கமக்காரர் ஓய்வூதியத்திலும் பெரும்பாலும் அவர் பெயர். களை பிடுங்கியவள், நாற்று நட்டவள், வெங்காயம் வெட்டி முடிச்சுக் கட்டியவள் யார் என்று எந்த ஏடும் கேட்பதில்லை. நாட்டிலே வேலை செய்யும் வயதுடைய ஆண்களுள் பத்துக்கு ஏழு பேர் தொழிற்படையிலே இருக்கின்றார்கள் என்றும், பெண்களுள் மூன்றுக்கு ஒருவரே இருக்கின்றார் என்றும் அரசாங்கக் கணக்குச் சொல்கின்றது. விடியற்காலை வயலுக்குப் போகும் பெண்ணுக்கு அந்தக் கணக்கை வாசித்துக் காட்டுங்கள்; அவள் சிரிப்பாள்.

இன்னொன்றையும் சொல்லி உங்கள் கோபத்தைச் சம்பாதிக்கின்றேன். ஒரே வயலிலே, ஒரே வெயிலிலே, ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி கொடுப்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கின்றீர்கள். மலையகத் தோட்டங்களிலே அரசாங்கம் விதித்த நாட்சம்பளம் 2021 ஆம் ஆண்டிலே 1,000 ரூபாவாகவும் 2024 ஆம் ஆண்டிலே 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. அது போதுமா என்பது வேறு விவாதம். ஆனால் அந்தச் சம்பளத்திலே ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்ற பேதம் இல்லை. தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் சகோதரிக்குச் சட்டம் கொடுத்த அந்தச் சமத்துவத்தை, எங்கள் வயலிலே எங்கள் சகோதரிக்கு நாங்கள் கொடுக்க எந்தச் சட்டம் தடையாக நிற்கின்றது?

ஆடைத் தொழிற்சாலைக்குப் போன எங்கள் பெண்பிள்ளைகளின் கதையையும் ஒரு வார்த்தை. 2020 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே மினுவாங்கொடைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து தொற்றின் இரண்டாவது அலை வெளிப்பட்டபோது, நோயாளியான பெண்களே குற்றவாளிகள் போலப் பேசப்பட்டார்கள். விடுதி அறைகளிலிருந்து இரவோடிரவாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள். நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தபோது அவர்கள் வீராங்கனைகள். காய்ச்சல் வந்தபோது தொற்றுக் காவிகள். வீட்டுக்குள்ளே அடைபட்ட பெண்களின் நிலையோ இன்னும் மோசம். 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடைச் சட்டம் ஏட்டிலே இருந்தது. ஆனால் ஊரடங்கிலே நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை. அடிப்பவனோடு அடைத்து வைத்துவிட்டு, 1938 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலே முறையிடு என்றால், தொலைபேசி யார் கையிலே இருக்கும்?

அயலிலே ஒரு பாடம்

இவ்வளவும் தவிர்க்கமுடியாத விதியா? பாக்குநீரிணைக்கு அப்பாலே கேரளத்தைப் பாருங்கள். அங்கே 1998 ஆம் ஆண்டு முதல் குடும்பஸ்ரீ என்ற பெண்களின் அயலவர் குழுக்கள் இருக்கின்றன. 2020 ஆம் ஆண்டிலே தொற்று வந்தபோது அரசாங்கம் அந்தக் குழுக்களையே தேடிச் சென்றது. கிராமத்துப் பொதுச் சமையலறைகளை அவர்கள் நடத்தினார்கள். 2,000 கோடி இந்திய ரூபா கடன் திட்டமொன்றை அவர்கள் வழியாகவே நடத்தி, வட்டியை அரசாங்கம் ஏற்றது. அங்கும் பெண்கள் குழு. இங்கும் பெண்கள் குழு. அங்கே குழு அவர்களுக்குச் சொந்தம். இங்கே கடன்காரனுக்குச் சொந்தம். வேறுபாடு இவ்வளவே.

எங்களிடம் அத்தகைய அமைப்புகள் இல்லையா? சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இருக்கின்றன. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. கூட்டுறவு எங்கள் மண்ணிலே பழுத்த மரம். அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. கூட்டுறவுக்கு அருகிலிருந்து பொறுப்பேற்க வேண்டிய வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே முடிந்தது. தொற்றுக்காலம் முழுவதும் மக்கள் தெரிந்த மாகாண சபை இல்லை. 2023 ஆம் ஆண்டு மார்ச் முதல் 2025 ஆம் ஆண்டு மே வரை பிரதேச சபைகளும் இல்லை. நூற்றுக்கு 25 இடங்களைப் பெண்களுக்கென ஒதுக்கிய சபைகள், பெண்கள் பேச வேண்டிய காலத்திலே பூட்டிக் கிடந்தன.

நாம் கேட்பவை

முடிவாக, நாம் கேட்க வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கின்றேன்.

ஒன்று: 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6 ஆம் பிரிவிலுள்ள கணவனின் சம்மத நிபந்தனை நீக்கப்பட வேண்டும். இதைக் கொழும்பு செய்யட்டும் என்று காத்திராமல், நாமே கேட்க வேண்டும். எங்கள் வழமையை நாங்கள் திருத்தினால் அது வாழும். பிறர் திருத்தும் வரை விட்டால் அது எங்களைப் பழிக்கும்.

இரண்டு: அனுமதிப்பத்திரக் காணிகளிலே கணவன் மனைவி இருவர் பெயரும் எழுதப்பட வேண்டும்.

மூன்று: பணங் கடன் கொடுத்து வட்டி வாங்குவோர் எவராயினும் பதிவுக்கும் வட்டி வரம்புக்கும் உட்பட வேண்டும். அங்கத்தவரின் சேமிப்பிலே நடக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கிராமத்துச் சங்கங்களுக்கும் தனி விதி வேண்டும். நிவாரணப் பணத்திலே ஒரு பகுதியை அந்தச் சங்கங்களின் முதலாகக் கொடுக்க வேண்டும்.

நான்கு: கமநல சேவை நிலையங்களின் ஏட்டிலே காணிக்காரரோடு பயிர் செய்பவரின் பெயரும் பதியப்பட வேண்டும்.

ஐந்து: நலன்புரிக் கொடுப்பனவுக்குக் குடும்பங்களை அளக்கும்போது கடன் சுமையும் தனித்தலைப்பாக அளக்கப்பட வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையின் 4 ஆம் பந்தி, பெண்களின் முன்னேற்றத்துக்காகச் சட்டத்தாலோ நிர்வாக நடவடிக்கையாலோ விசேட ஏற்பாடு செய்வதைச் சமத்துவம் தடுக்காது என்று தெளிவாகக் கூறுகின்றது. ஆகவே, “சட்டம் இடங் கொடுக்கவில்லை” என்று எந்த அமைச்சரும் கூறமுடியாது. இடம் இருக்கின்றது, மனந்தான் வேண்டும்.

உத்தியோக நண்பர்களே, சட்டத்தரணிகளே, அரசாங்கம் செய்யும் வரை நாம் கைகட்டியிருக்க வேண்டுமா? கணவன் காணாமற்போன பெண்களுக்காக மாவட்ட நீதிமன்றத்திலே செய்யும் மனுக்களை, ஆண்டுக்குச் சிலவாயினும், கட்டணமின்றிச் செய்வோம். நான் செய்வேன் என்று இந்தச் சபையிலே சொல்கின்றேன். சொன்னதைச் செய்கின்றேனா என்று நீங்கள் கணக்குப் பாருங்கள். ஆசிரியர்களே, தவணை அட்டையிலுள்ள வட்டியை ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டுக் காட்டுவதற்கு ஒரு பின்னேரம் போதும். மாதர் சங்கத்துக்குப் போய் அதைக் காட்டுங்கள். கமக்காரரே, நீங்கள் செய்யக்கூடியதற்குப் பாராளுமன்றமும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம். வருகிற காலபோகத்திலே பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி கொடுங்கள். பின்னுரித்தாளர் பத்திரத்தை எழுதாமல் வைத்திருப்பவர்கள் பிரதேச செயலகத்துக்குப் போய், மனைவியின் பெயரையும் மகளின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.

அந்தத் தாய் இப்போது என்ன செய்கின்றார் என்று கேட்பீர்கள். வங்கிக் கடன் பெற்று நான்கு கடன்களையும் தீர்த்தார். இன்று சந்தையிலே அவருக்கு முன்போல ஒரு தட்டு இருக்கின்றது. தோடு இன்னும் மீளவில்லை. சென்ற மாதம் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். பிணை நின்று பேசாமற்போன இருவருள் ஒருத்தி அவள். அவளுக்கும் ஒரு சீதனக் காணி. அவளுக்கும் அதே சம்மதக் கையெழுத்து. “ஐயா, எனக்கு எழுதிய மனுவைப்போல இவவுக்கும் ஒன்று எழுதித் தாருங்கள்” என்றார்.

ஒவ்வொருத்தியாக மனு எழுதி இந்தக் கணக்கு முடியாது. மனுத் தேவைப்படாத சட்டம் வேண்டும். அதைக் கேட்கும் முதற் குரல் இந்தக் கிராமத்திலிருந்து எழட்டும் என்று வேண்டி விடைபெறுகின்றேன்.